ஷீட்டை மாத்தினா போதுமா? சுவரையும் கொஞ்சம் பாருங்க!

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் போய்விடவில்லை! மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை! விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் டிசம்பர் 2-ந்தேதி ரெயில்கள் நின்றதை சீசன் டிக்கெட்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முன் 2011 டிசம்பர் 30-ந்தேதி 'தானே' புயல். இரண்டிலும் அடி வாங்கிய பகுதி இது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கூரை மாற்றும் வேலை சூடு பிடிக்கும். "ஒரே நாள்ல முடிச்சுடலாம் சார்" என்று மேஸ்திரியும் சொல்லிவிடுவார்.

அங்கேதான் ஆபத்து! காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட, அடியில் புகுந்து தூக்குவதுதான் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். செல்லரித்த பழைய சட்டத்தின் மேல் புத்தம் புது ஷீட்டைப் போட்டு, நாலு ஆணி அடித்து விட்டால் என்ன ஆகும்? அடுத்த புயலில் ஷீட் பக்கத்துத் தெருவில் கிடக்கும். யார் தலையிலும் விழாமல் இருந்தால் புண்ணியம்.

ஷீட்டைச் சட்டத்தோடு ஜே போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சட்டத்தைச் சுவரோடு கம்பியால் பிணைக்க வேண்டும். ஓரங்களில் போல்ட் நெருக்கமாக இருக்க வேண்டும். காற்று முதலில் பிய்ப்பது அங்கேதான். இதற்கு ஆகும் செலவு, ஷீட் விலையோடு பார்த்தால் சொற்பம். ஆனால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான்!

9 டன் பாரம்!

"ஷீட்டே வேணாம், தளம் போட்டுடலாம்" என்கிறார்கள் சிலர். நல்ல ஆசைதான். ஆனால் 5 அங்குலக் காங்கிரீட் தளம் சதுர அடிக்கு சுமார் 30 கிலோ. 300 சதுர அடிக்கு 9 டன்! நாட்டு ஓட்டைத் தாங்கி வந்த மண் சாந்துச் சுவர் இதைத் தாங்குமா? மேஸ்திரியின் வாய் வார்த்தை போதாது. ஒரு என்ஜினீயரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்வதே நல்லது. சுவர் தாங்காது என்றால் தூண் எழுப்பித்தான் தளம் போட வேண்டும்.

தளம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுகினால் உடனே இடிக்க வேண்டாம். பல வீடுகளில் கோளாறு மேலே பதித்த தட்டோட்டில்தான் இருக்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்குவது தனிச் சங்கதி. சுத்தியலால் உடைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை போட்டுவிட்டது. நம் ஊர்க் கடைகளில் விற்பனை நடக்கிறது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். பழைய ஷீட்டின் மேல் நேராகக் காலை வைக்கவே கூடாது. மக்கிய ஷீட் படாரென்று உடைந்து ஆள் கீழே விழுவார். பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். கூலிக்கு வந்தவர் உயிரும் உயிர்தானே!

நடுவில் மாட்டியவர்கள்

பெஞ்சலில் சேதமான குடிசைகளுக்கு ரூ.10 ஆயிரம் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. குடிசைகளை ஒழிக்க 2024-ல் கொண்டு வந்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு ரூ.3½ லட்சம். சரி. குடிசையும் இல்லாமல் மாடியும் இல்லாமல், ஷீட் வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருக்கும் குமாஸ்தாவும் பெட்டிக்கடைக்காரரும் என்ன செய்வார்கள்? வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அந்தப் பணத்தில் போடும் கூரையாவது நிலைக்க வேண்டாமா?

விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் இதற்குப் பெரிய தொகை ஒதுக்க வேண்டியதில்லை. கூரை மாற்றுகிறவர் கேட்டால், நகராட்சி என்ஜினீயர் வந்து சுவரைப் பார்த்துச் சொல்லட்டும். கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் ஏரிக்கரையில் குவியாதபடி அதைப் போட ஓர் இடத்தை ஒதுக்கட்டும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஓட்டைப் பிரிக்க முடியாது. ஆடிக்குள் அறிவிப்பு வந்தால்தான் ஆவணியில் வேலை முடியும்.