அலாஸ்காவுக்குப் போகுமுன் கிள்ளான் கரையைப் பாருங்கள்

கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறி லங்காவி, பூக்கெட், சிங்கப்பூர் என்று போய்வந்த குடும்பங்களில் அடுத்த பேச்சு பெரும்பாலும் பனியைப் பற்றித்தான். "ஒரு தடவையாவது அலாஸ்காவைப் பார்த்துவிட வேண்டும்" என்கிறார் மாமா. அப்பா ரிங்கிட் கணக்குப் போடுகிறார், அம்மா குளிருடை விலையை விசாரிக்கிறார். இந்தத் திட்டத்தில் இன்னொரு கணக்கும் இருக்க வேண்டும். அதைப் போடத் தகுந்தவர் வீட்டில் அறிவியல் படிக்கும் மாணவர்தான் என்பது என் கருத்து.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து அலாஸ்காவுக்கு நேரடி விமானம் இல்லை. கனடாவின் வான்கூவர் அல்லது அமெரிக்காவின் சியாட்டல் நகருக்குப் பறந்து, அங்கிருந்து கப்பல் ஏறுவதே வழக்கம். பயணக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. சியாட்டலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பல்கள்கூட வழியில் ஒரு கனடியத் துறைமுகத்தைத் தொட்டுவரும். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக்கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுப்பதே இதற்குக் காரணம். ஆகவே மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இரண்டு நாட்டு விசாவையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

இனி அந்த இன்னொரு கணக்கு. கோலாலம்பூரிலிருந்து வான்கூவர் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். போய்வர 26,000. விமானத்தில் ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் செல்ல, சராசரியாக 90 கிராம் கரிவளி வெளியாகிறது. இரண்டையும் பெருக்குங்கள்: ஒருவருக்கு 2,340 கிலோ, அதாவது ஏறத்தாழ 2.3 டன். கப்பல் எரிக்கும் எண்ணெயை இதில் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு மலேசியரின் பங்காக ஓர் ஆண்டு முழுவதும் வெளியாகும் கரிவளி சராசரியாக 8 டன் அளவில் இருக்கிறது. அதில் கால் பங்குக்கும் மேலான அளவு இந்த ஒரே பயணத்தில் போய்விடுகிறது.

இந்த 2.3 டன் என்ன செய்யும்? 2016இல் 'சயின்ஸ்' இதழில் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நாம் வெளியிடும் ஒவ்வொரு டன் கரிவளிக்கும், ஆர்க்டிக் கடலில் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீட்டர் குறைகிறது. அப்படியானால் விமானப் பயணத்துக்கு மட்டும் ஒருவருக்கு 7 சதுர மீட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு 28 சதுர மீட்டர். பேரங்காடியில் இரண்டு கார் நிறுத்தும் கட்டங்களைச் சேர்த்தால் வரும் இடத்தைவிட இது சற்றுப் பெரியது. பனியைப் பார்க்கப் போகும் பயணமே இவ்வளவு பனியைக் கரைக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய உயராது. கண்ணாடிக் குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினாலும் குவளை வழிவதில்லை அல்லவா? ஆனால் அலாஸ்காவில் பயணிகள் பார்க்கப் போவது பெரும்பாலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனியாறுகளை. அவை உருகினால் கடலில் புதிதாக நீர் சேரும். 2000 முதல் 2019 வரை உலகப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 267 பில்லியன் டன் பனியை இழந்தன. கிரீன்லாந்து, அண்டார்டிக்காவின் பெரும் பனிப்பாளங்கள் இதில் சேராது. இந்த இழப்பில் கால் பங்கு அலாஸ்காவினுடையது.

எல்லாப் பழியையும் நம்மீது போடுவதும் அறிவியல் ஆகாது. கப்பல்கள் விரும்பிச் செல்லும் கிளேசியர் பே விரிகுடா, 1750 வாக்கில் முழுவதும் பனியால் மூடிக் கிடந்தது. அந்தப் பனி இன்றுவரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. தொழிற்சாலைப் புகை பெருகுவதற்கு முன்பே இந்தப் பின்வாங்கல் தொடங்கிவிட்டது. இயற்கையாகத் தொடங்கிய இழப்பும் உண்டு, அண்மைப் பத்தாண்டுகளில் மனிதர் விரைவுபடுத்திய இழப்பும் உண்டு.

அங்கே உருகும் நீர் எங்கே போகிறது என்பதுதான் நம்மைத் தொடும் கேள்வி. மெத்தையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் மெத்தை மெல்ல மேலெழும். அதுபோல, பனியின் சுமை குறைந்த அலாஸ்கா நிலம் மேலெழுகிறது. கிளேசியர் பே வட்டாரத்தில் சில இடங்களில் இது ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்கு நடக்கிறது. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்தும் வைத்திருக்கும். பனி குறைந்தால் அந்தப் பிடியும் தளரும். இந்த இரண்டு காரணங்களாலும் அலாஸ்காவின் ஜூனோ நகரக் கரையில் கடல்மட்டம் உண்மையில் தாழ்ந்து வருகிறது. விலகிய நீர் தொலைவில் உள்ள கடற்கரைகளில் சேர்கிறது. நம் கிள்ளான் கரையும் அவற்றில் ஒன்று.

கிள்ளான் துறைமுகத்தில் பெரும் கடலேற்ற நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கும். அத்தகைய நாட்களில் காப்பார் வட்டாரத்துத் தோக் மூடா கிராமத்தில் கடல்நீர் கரை மீறி வீடுகளுக்குள் புகுந்ததுண்டு. இப்படிப்பட்ட கரையில் சில சென்டிமீட்டர் கூடினாலும் அது சிறிய செய்தி அல்ல.

"அப்படியானால் போகவே கூடாதா? ஒரு குடும்பம் போகாவிட்டால் பனி நின்றுவிடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்த்தவருக்குப் பனியாறு வெறும் பாடநூல் படமாக இருக்காது. ஆனால் கணக்குத் தெரியாமல் போவது வேறு, தெரிந்து போவது வேறு. ஆண்டுக்கொரு சிறு விமானப் பயணம் என்பதைக் குறைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் சேமித்து ஒரே முறை போய், அதிக நாட்கள் தங்கிப் பார்த்து வருவது நல்ல திட்டம்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அறையில் சாளரம் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். கரையில் நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துறைமுக மின்சாரத்தைப் பயன்படுத்துமா என்றும் கேளுங்கள். சுற்றுலாக் கப்பல்களுக்கு இந்த வசதியை உலகில் முதலில் தந்தது ஜூனோதான், 2001இல். கப்பல்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். கிளேசியர் பேயில் ஒரு நாளைக்கு 2 பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. ஏறத்தாழ 32,000 பேர் வாழும் ஜூனோவுக்கு ஓர் ஆண்டில் 16 இலட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வருகிறார்கள். அதனால் 2024 முதல் அங்கே நாளொன்றுக்கு 5 பெரிய கப்பல்கள் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். விருந்தினராகப் போகும் நாம் இதையெல்லாம் தெரிந்துகொள்வது மரியாதை.

திட்டமிடலின் முதல் படியை இந்த வாரமே எடுத்து வைக்கலாம், அதற்கு விசா வேண்டாம். கடலேற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் மிக உயரும் ஒரு நாளில் பெரியவர்களோடு கிள்ளான் கரைக்குப் போங்கள். நீர் எதுவரை வருகிறது என்று பாதுகாப்பான தூரத்தில் நின்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் குறியுங்கள். பிறகு ஒருநாள் பனியாற்றின் முன் நிற்க நேர்ந்தால், அதிலிருந்து சொட்டும் நீர் எந்தக் கரைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.