"எங்க லிமிட் இல்லை தம்பி!"

அழகர் மதுரைக்குப் புறப்பட்ட அன்று, அழகர்கோவில் கூட்டத்தில் என் 15,000 ரூபாய் செல்போனை எவனோ அடித்துவிட்டான். எங்கள் ஏரியா ஸ்டேஷனில், "அங்க நடந்ததுக்கு இங்க ஏன் வர்றே? எங்க லிமிட் இல்லை தம்பி" என்றார்கள். பேசாமல் திரும்பி வந்துட்டேன். அதுதான் என் தப்பு!

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, இதுபோன்ற குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

கடைக்காரர் ஏமாற்றினாரா? 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது.

வக்கீலுக்குக் காசில்லையா? 15100-க்குப் போன் போடுங்க. மாணவிகளுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

ரெண்டு மார்க் குறைஞ்சா ரீவேல்யுவேஷன் போடுறோமே, உரிமை குறைஞ்சா மட்டும் ஏன் சும்மா வர்றோம்?