பட்ஜெட் போனுக்குத் தேய்மானம் போட்டுப் பார்ப்போமா?

குறைந்த விலை ஸ்மார்ட்போன் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பல பெட்டிகளில் பெரிய எழுத்தில் "8 ஜிபி ரேம்", பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம். கீழே பொடி எழுத்தைப் படித்தால் நிஜ ரேம் 4 ஜிபிதான். மீதி 4, சேமிப்பிடத்திலிருந்து எடுத்துக்கொள்வது. அது ரேம் வேகத்துக்கு ஓடவே ஓடாது. வாங்கின கடனை மூலதனம் என்று எழுதுகிற மாதிரி. பி.காம் முதல் வருஷத்திலேயே மார்க் போய்விடும் :-)

விலை குறையணும்னா எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். அது தப்பே இல்லை. எதை வெட்டினார்கள், அதை மறைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

மோட்டோ ஈ ஞாபகம் இருக்கிறதா? 2014 மே மாதம் 6,999 ரூபாய்க்கு வந்தது. முன்பக்கக் கேமரா கிடையாது. பின்கேமரா 5 மெகாபிக்சல், ஃப்ளாஷ் இல்லை, ஃபோகஸும் நிலையானது. மெமரி 4 ஜிபிதான், சீக்கிரமே நிரம்பிவிடும். ஆனால் கொரில்லா கிளாஸ் 3 கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு அப்டேட் ஒன்று நிச்சயம் என்று சொல்லி, 2015-ல் லாலிபாப் கொடுத்தார்கள். குறை எல்லாம் கண்ணெதிரே இருந்தது. வாங்குகிறவர் தெரிந்தே வாங்கினார்.

இப்போது வெட்டுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 50 மெகாபிக்சலுக்குத் துணையாக நிற்கும் 2 மெகாபிக்சல் கேமராவால் பெரிய உபயோகம் இல்லை, எண்ணிக்கைக்குத்தான். 6.7 அங்குலத் திரை, ஆனால் ரெசொல்யூஷன் 1600x720. அங்குலத்துக்குச் சுமார் 262 புள்ளி. அந்தப் பழைய மோட்டோ ஈ-யில் 256! சேமிப்பிடம் யுஎஃப்எஸ்-ஆ, பழைய இஎம்எம்சி-யா என்பதைப் பெட்டியில் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. போன் நிரம்ப நிரம்ப "ஹேங் ஆகுது" என்று புலம்புவதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். நேர்கோட்டு முறையில் தேய்மானம், எஞ்சிய மதிப்பு பூஜ்யம். 8,000 ரூபாய் போன் இரண்டு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 4,000. 10,500 ரூபாய் போன் நான்கு வருஷம் ஓடினால் 2,625. எது பட்ஜெட் போன்?

"கையில் இருப்பதே எட்டாயிரம்தான், நான் என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயம். அந்த எட்டாயிரத்துக்குள்ளேயே மெகாபிக்சலை மறந்துவிட்டு, சேமிப்பிடம் அதிகமாக உள்ளதை, பாதுகாப்பு அப்டேட் நீண்ட காலம் வருவதைத் தேர்ந்தெடுங்கள். தேய்மானக் கணக்கில் ஆயுட்காலம்தான் எல்லாம். அதைத் தீர்மானிப்பவை இவை, கூடவே பேட்டரி.

லேப்டாப் வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம். போன்தான் வீட்டின் ஒரே கம்ப்யூட்டர் என்றால்? ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பாடக் குறிப்பு, அம்மாவின் யுபிஐ, பேங்க் ஓடிபி எல்லாம் அதிலேயேதான். அப்டேட் நின்றுபோன போனில் வீட்டுப் பணம் கிடக்கிறது என்பது விளையாட்டு இல்லை.

அடுத்த முறை கடைக்காரர் கேமராவைப் பற்றி ஆரம்பித்தால், "அண்ணே, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் பக்கத்துப் போனைக் காட்டச் சொல்லுங்கள்.