லீவு ஒரு தடவைதான் போவாங்களா?

மக்களே, ஒரு கேள்வி. உங்க மினி புராஜெக்ட்டுக்கு கிளாஸ் டயகிராம் எப்போ வரைஞ்சீங்க? கோடிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியா, இல்ல ரெக்கார்டை பைண்டிங் கடையில கொடுக்கறதுக்கு முந்தின ராத்திரியா? சிரிக்காதீங்க. நாங்களும் அந்த ராத்திரி கோஷ்டிதான்.

போன செமஸ்டர்ல நாங்க நாலு பேர் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ் பில் போடற சாஃப்ட்வேர் ஒண்ணு பண்ணினோம். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு நாளைக்கு 80 ரூபாய். தொடர்ந்து 3 நாளோ அதுக்கு மேலயோ லீவு போனா, அந்த நாட்களுக்கான காசைக் கழிச்சுடுவாங்க. டெமோவுல பிரமாதமா ஓடுச்சு. எக்ஸ்டர்னல் தலையாட்டினார், மார்க்கும் வந்தது. அதோட விட்டிருக்கலாம். ‘நிஜமாவே யூஸ் பண்ணிக்கலாமே’ன்னு ஹாஸ்டல்ல கேட்டாங்க. நமக்குத்தான் கால் தரையிலயே படலையே... தூக்கிக் கொடுத்துட்டோம்.

முதல் மாச பில் ஒட்டின அன்னிக்கு ராத்திரி, ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி எங்க ரூமுக்கு வந்தான். அவனோட பாட்டி இறந்துட்டாங்க. 3-ம் தேதியில இருந்து 7-ம் தேதி வரைக்கும் ஊருக்குப் போயிருந்தான். 18-ம் தேதி பதினாறாம் நாள் காரியம். அதுக்காக 17-ல இருந்து 20 வரை மறுபடியும் போயிருக்கான். முதல்ல 5 நாள், அப்புறம் 4 நாள், ஆக மொத்தம் 9 நாள். 720 ரூபாய் கழிஞ்சிருக்கணும். எங்க சாஃப்ட்வேர் கழிச்சது 240.

“அண்ணா, நான்தான் தப்பா கணக்கு போட்டுட்டேனா?”ன்னு கேட்டான். கம்ப்யூட்டர் தப்பு பண்ணும்னு அவனுக்குத் தோணவே இல்லை. 480 ரூபாய் நஷ்டம். அவனுக்கு வீட்டுல இருந்து வர்ற கைச்செலவே மாசம் 500-தான்.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து தோண்டினோம். ஒரு தப்பு இல்ல, ரெண்டு. 20-ல இருந்து 17-ஐக் கழிச்சா 3. ஆனா 17-ம் தேதியும் லீவு, 20-ம் தேதியும் லீவு, ஆக 4 நாள். ஒண்ணைக் கூட்ட மறந்துட்டோம். இதனால சரியா 3 நாள் லீவு போனவங்களுக்கு 2 நாள்னு கணக்காகி, ஒரு பைசாகூடக் கழியலை! ரெண்டாவது தப்பு இன்னும் மோசம். ஒரு மாணவருக்கு ஒரே ஒரு லீவைத்தான் சேமிக்கிற மாதிரி எழுதியிருந்தோம். தம்பியோட ரெண்டாவது லீவைப் போட்டதும் முதல் லீவு அழிஞ்சு போச்சு.

டெஸ்ட் பண்ணலையான்னு கேட்பீங்க. பண்ணினோமே! எங்க நாலு பேரோட பொங்கல் லீவை வெச்சு. நாலு பேருக்கும் ஒரே லீவு, அதே 4 நாள். 240 கழிஞ்சுதுன்னு திரையில வந்ததும் கை தட்டினோம். 320 வரணுமேன்னு ஒருத்தரும் பேப்பர்ல போட்டுப் பார்க்கலை. இதுதாங்க நம்ம காலேஜ் டெஸ்டிங். ‘அவுட்புட் வந்துச்சு’ன்னா பாஸ். வர வேண்டிய விடையை முதல்ல கையால எழுதி வெச்சுட்டு, அப்புறம் புரோகிராமை ஓட்டணும். இல்லேன்னா அது சொல்றதைத்தான் நாம நம்புவோம்.

எதை வெச்சு டெஸ்ட் பண்றது? நடுவுல இருக்கற நம்பரை விட்டுட்டு எல்லையில போய் நில்லுங்க. 3 நாள்தான் விதின்னா 2, 3, 4 மூணையும் கொடுங்க. ஜனவரி 30-ல போய் பிப்ரவரி 2-ல வர்ற லீவைக் கொடுங்க. லீப் வருஷத்தைக் கொடுங்க. தேதிக் கணக்குல பெரிய கம்பெனிகளே வழுக்கி விழுந்திருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட ஜூன்னு ஒரு பாட்டு பிளேயர் இருந்தது. 2008 டிசம்பர் 31 அன்னிக்கு 30 ஜிபி மாடல்கள் உலகம் முழுக்க அப்படியே உறைஞ்சு போச்சு. 2008 லீப் வருஷம், அது 366-வது நாள். வருஷத்தைக் கண்டுபிடிக்கற லூப்ல, நாள் 365-க்கு மேல இருந்தா சுத்து, லீப் வருஷமா இருந்தா 366-க்கு மேல போனாத்தான் கழின்னு எழுதியிருந்தாங்க. சரியா 366-ன்னு வந்தா கழிக்கவும் கழிக்காது, வெளியேயும் வராது. சுத்திக்கிட்டே இருக்கும். பேட்டரி தீரட்டும், ஜனவரி 1 மதியத்துக்கு அப்புறம் போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க! அந்த ஒரு நாளைக் கொடுத்து முன்னாடியே ஓட்டிப் பார்த்திருந்தா சிக்கியிருக்கும்.

ஜாவாக்காரங்களுக்கு ஜேயூனிட் இருக்கு. 1997-ல கென்ட் பெக், எரிக் காமான்னு ரெண்டு பேர், ஒரு மாநாட்டுக்காக ஜூரிக்ல இருந்து அட்லாண்டாவுக்குப் பறக்கும்போது ஃப்ளைட்டுலயே எழுத ஆரம்பிச்சது. (நம்மளை ஃப்ளைட்டுல ஏத்திவிட்டா ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுட்டுத் தூங்கிடுவோம்.) நாங்க தம்பியோட ரெண்டு லீவையும் அப்படியே ஒரு டெஸ்ட்டா எழுதினோம், விடை 720-ன்னு. ஓட்டினா சிவப்பு. அப்புறம்தான் கோடைத் திருத்தினோம். பச்சையானதும் அந்த டெஸ்ட்டை அழிக்கலை. இனிமே யார் எந்த வரியைத் தொட்டாலும் அதுவும் கூடவே ஓடும்.

மறுநாள் காலையில மெஸ் மேனேஜர் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்கப் போனோம். அவர் திட்டலை. மேஜையில இருந்த பழைய நீள நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் நாலு வரி காலியா விட்டிருந்தார். “ஏந்தம்பி, லீவு ஒரு தடவைதான் போவாங்களா?”

பாஸ், அந்த நாலு வரிதான் கிளாஸ் டயகிராம்! யு.எம்.எல். பாடத்துல மல்டிப்ளிசிட்டின்னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சோமே, அது. மாணவர்னு ஒரு பெட்டி, லீவுன்னு ஒரு பெட்டி, நடுவுல ஒரு கோடு. கோட்டோட லீவுப் பக்கத்து முனையில 1 போடறதா, நட்சத்திரக் குறி போடறதா? நட்சத்திரம்னா எத்தனை வேணும்னாலும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். பென்சிலோட அந்த முனையில வந்து நிக்கும்போதுதான், ‘ஒருத்தர் மாசத்துல எத்தனை தடவை ஊருக்குப் போவார்?’ங்கற கேள்வியே வரும். நாங்க கோடிங் முடிச்ச பிறகு, ஏற்கெனவே எழுதினதைப் பார்த்து ஸ்கேல் வெச்சு அழகா 1-ன்னு போட்டோம். தப்பையே ஃப்ரேம் போட்டு மாட்டின மாதிரி. நிரப்பின டைமண்டா, காலி டைமண்டாங்கறதுக்கெல்லாம் மணிக்கணக்கா சண்டை போடாதீங்க. முதல்ல முனையில இருக்கற நம்பரைச் சரி பாருங்க.

அந்த நோட்டை ரெண்டாவது வாரமே பார்த்திருக்கலாம். ஆனா எங்க பிளான்ல அவர் பேரே இல்லையே! நாலு மாசத்துக்குக் கட்டம் கட்டமா ஒரு சார்ட் போட்டோம். டிசைன் ஒரு மாசம், கோடிங் ரெண்டு மாசம், டெஸ்டிங் கடைசி மாசம். உண்மையில இன்டர்னல் வந்தது, சிம்போசியம் வந்தது, கடைசி 12 நாள்ல எல்லாத்தையும் எழுதி முடிச்சோம். டெஸ்டிங்குக்கு மிச்சம் இருந்தது ஒரு மத்தியானம்.

2001 பிப்ரவரியில அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல, ஸ்னோபேர்டுங்கற பனிமலை விடுதியில 17 பேர் கூடி எழுதினதுதான் அஜைல் அறிக்கை. கனமான திட்டக் காகிதத்தைவிட ஓடற சாஃப்ட்வேர் முக்கியம், உபயோகிக்கறவரோட சேர்ந்து வேலை பண்ணுங்கன்னு அதுல இருக்கு. நமக்குத் தோதா மாத்திக்கிட்டா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓடற ஏதாவது ஒண்ணைக் கையில வெச்சிருக்கணும். முதல் ரெண்டு வாரத்துல ஒரே ஒரு ஆளுக்கு பில் வந்தாப் போதும். லாகின் பக்கம், கலர், லோகோ எல்லாம் அப்புறம். (நாங்க லோகோவுக்கே மூணு நாள் செலவு பண்ணினோம்.)

இந்தத் தடவை திருத்தும்போது பிளானிங் போக்கர் ஆடினோம். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பாடுன்னு ஆளாளுக்கு ஒரு நம்பர் எழுதி, ஒரே நேரத்துல சீட்டைத் திருப்பணும். டாப்பர் சொல்றதுக்கெல்லாம் மத்தவங்க ஆமாம் போடறது இதுல நடக்காது. ‘மாசம் தாண்டற லீவு’க்கு நான் 2-ன்னு எழுதினேன், என் ரூம்மேட் 13. ஏன்டான்னு கேட்டா, “ரெண்டு மாசத்து பில்லுலயும் பிரிக்கணுமேடா, முதல் மாச பில் ஏற்கெனவே கட்டியிருந்தா?”ன்னான். எனக்கு அது தோணவே இல்லை.

அடுத்த மாச பில்லுல தம்பிக்கு 480 திரும்பி வந்தது. அவனோட சேர்த்து 23 பேருக்கு. இப்போ எங்க டெஸ்டரே அவன்தான். போன வாரம், ஊருக்குப் போற தேதி 20, திரும்பற தேதி 17-ன்னு மாத்திப் போட்டுப் பார்த்திருக்கான். மைனஸ் நாள் வந்து, பில்லுல காசு கூடிப் போச்சு.

“அண்ணா, இதை இன்னிக்கே சரி பண்றீங்களா, நாளைக்கா?”ன்னு வாசல்லயே நிக்கறான். நான் கிளம்பறேன்.