காற்சட்டைக்கும் காற்று வேண்டும்

உடற்கல்விக்கு அணியும் தொளதொளப்பான காற்சட்டையைப் பல மாணவிகள் பள்ளிப் பாவாடைக்குள்ளும் அணிகிறார்கள். சிங்கப்பூரில் இது பழகிப்போன வழக்கம். தாய்லாந்தின் எஃப்பிடி ஓட்டக் காற்சட்டை ஒரு காலத்தில் இங்குள்ள மாணவிகளிடையே மிகவும் பிரபலம். இத்தகைய உடையைப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் அதன் நீளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த உடை உடலுக்கு என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அரை லிட்டருக்கும் சற்று அதிகமான நீரை 1 டிகிரி செல்சியஸ் குளிர்விக்க அகற்றவேண்டிய வெப்பம் அது. ஆனால், ஆவியாகும் வியர்வைதான் குளிர்ச்சி தரும். சொட்டி விழும் வியர்வையால் பெரிய பயன் இல்லை.

நம் ஊரின் சிக்கல் இங்கேதான். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். இறுக்கமான துணிக்குள் தோலை ஒட்டிய காற்று விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடும். தளர்வான காற்சட்டையோ ஒவ்வோர் அடிக்கும் கொல்லன் துருத்திபோல் விரிந்து சுருங்கி, ஈரக் காற்றை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது.

துணியும் முக்கியம். "பருத்திதான் எப்போதும் நல்லது" என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி உண்மை. சாதாரணச் சூழலில் 100 கிராம் உலர்ந்த பருத்தி காற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஈர்க்காது. எனவே, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பருத்தி இதமானது. ஓடும்போதோ அது வியர்வையைக் குடித்து, கனத்து, தொடையில் ஒட்டி உரசும். அப்போது விரைவில் உலரும் மெல்லிய பாலியெஸ்டரே மேல்.

அதற்காக, வியர்த்த காற்சட்டையோடு மாலை வரை உட்கார்ந்திருப்பது சரியாகிவிடாது. மேலே பாவாடை, கீழே நாற்காலி என்றால் காற்று எங்கிருந்து வரும்? வெப்பமும் ஈரமும் தங்கும் தோல் மடிப்புகளில் பூஞ்சைத் தொற்று எளிதில் பரவும். பையில் உலர்ந்த காற்சட்டை ஒன்று இருக்கட்டும். பள்ளிகளும் உடற்கல்வி முடிந்ததும் உடை மாற்றப் போதிய நேரம் தரவேண்டும் என்பது என் கருத்து. அதைச் சலுகையாக நினைக்கக்கூடாது, அது சுகாதாரம்.

எல்லாருக்கும் ஒரே உடை பொருந்தாது. தொடைகள் உரசிப் புண்ணாகும் சிலருக்கு இறுக்கமான உள் காற்சட்டையே வசதி. மாதவிடாய் நாள்களில் கூடுதலாக ஓர் உடை தரும் நிம்மதியையும் குறைத்து மதிப்பிடவேண்டாம். வெள்ளை உடை விதிக்குப் பெயர்போன விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே, 2023 முதல் வீராங்கனைகள் பாவாடைக்குள் அடர்நிறக் காற்சட்டை அணிய அனுமதித்தது. மாதவிடாய் பற்றிய பதற்றமின்றி அவர்கள் விளையாடவேண்டும் என்பதே காரணம். உலகப் போட்டிக்குப் பொருந்தும் நியாயம் நம் பள்ளித் திடலுக்கும் பொருந்தும். உடை கூச்சத்தால் ஒரு மாணவி திடலின் ஓரத்தில் நின்றுவிட்டால், இழப்பு அவளது உடல்நலத்துக்குத்தான்.

மாணவர்களே, இது பெண்பிள்ளைகள் விவகாரம் என்று நீங்களும் ஒதுங்கவேண்டாம். வியர்வைக்கு ஆண், பெண் பேதம் இல்லை. இந்த வார இறுதியில் பழைய பருத்தித் துணி, பாலியெஸ்டர் துணி இரண்டையும் ஒரே அளவில் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி நீர் ஊற்றி, அருகருகே தொங்கவிடுங்கள். எது எத்தனை நிமிடத்தில் உலர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை காற்சட்டை வாங்கும்போது, விலைச்சீட்டோடு துணியின் பெயரையும் படியுங்கள்.