திரையை மாற்றுமுன் உழவரைக் கேட்க வேண்டும்

நாற்றங்கால், நாட்டுக்கோழிக் குஞ்சு, மண்புழு உரம் போன்ற சிறு தொழில்களைப் பண்ணையோடு சேர்த்து நடத்தும் விவசாயிகள் பலர், வாடிக்கையாளரின் பெயர், ஊர், கேட்ட சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை இப்போது கைப்பேசிச் செயலியிலேயே குறித்து வைக்கின்றனர். தேடி எடுக்க எளிது. மழையில் நனைந்து போகாது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் இந்தச் செயலிகளின் திரை அமைப்பை அவற்றைத் தயாரிப்போர் அடிக்கடி மாற்றிவிடுகின்றனர். நேற்று மேலே இருந்த பொத்தான் இன்று கீழே இருக்கிறது. அல்லது கண்ணிலேயே படுவதில்லை.

இது சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. குழித்தட்டில் விதைத்த தக்காளி நாற்று சுமார் 25 நாட்களில் நடவுக்குத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் முன்பதிவு செய்தவர்களுக்குத் தகவல் போக வேண்டும். பதிவுப் பட்டியல் எங்கே போயிற்று என்று தேடுவதிலேயே நாட்கள் கழிந்தால், நாற்று முற்றி நெட்டையாகிவிடும். கேட்டவர் வேறு இடத்தில் வாங்கிவிடுவார். நட்டம் நாற்றங்கால்காரருக்குத்தான், திரையை மாற்றியவருக்கு அல்ல.

மாற்றமே கூடாதா?

அப்படிச் சொல்வதற்கில்லை. சிறு வணிகருக்கென வாட்ஸ்அப் நிறுவனம் 2018-ல் தனிச் செயலி ஒன்றை வெளியிட்டது. புதிய வாடிக்கையாளர், பணம் பாக்கி என்று வாடிக்கையாளரை வகை பிரித்து வைக்க அதில் வசதி உண்டு. 2024-ல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வாட்ஸ்அப் திரையின் மேற்புறம் இருந்த பொத்தான் வரிசை கீழே கொண்டுவரப்பட்டது. கட்டைவிரலுக்கு எட்டும்படி வைப்பதே நோக்கம். காரணம் நியாயமானதே. ஆயினும் பழகிய கை மேலேயே போகும். புது இடம் பழகச் சில நாட்களாகும்.

காரணம் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட விண்டோஸ் 8-ல், பல ஆண்டுகளாகத் திரையின் இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டது. உபயோகிப்போர் கடுமையாகக் குறை கூறினர். 2013-ல் பொத்தான் திரும்பி வந்தது. 2015-ல் விண்டோஸ் 10-ல் தொடக்கப் பட்டியலும் திரும்பி வந்தது. அத்தனை பெரிய நிறுவனமே பின்வாங்க வேண்டியிருந்தது.

வயலில் சோதித்த பிறகே

ஒரு புதிய நெல் ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாக விளைந்தால் மட்டும் போதாது. பல இடங்களிலும், விவசாயிகளின் வயல்களிலும் போட்டுப் பார்த்த பிறகே அது வெளியிடப்படுகிறது. திரை மாற்றத்துக்கும் இதே முறை வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று டென்மார்க் நாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-ம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்த ஐவரில் இருவராவது காப்புக் காய்த்த கையோடு கைப்பேசியைத் தொடும் உழவராக இருக்கட்டும்.

செயலி தயாரிப்போர் மூன்று காரியங்களைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும். மாற்றத்தை முன்கூட்டியே தமிழில் அறிவிக்க வேண்டும். விரும்புவோர் ஒரு பருவம் வரையாவது பழைய அமைப்பிலேயே வேலை செய்ய இடம் தர வேண்டும். வெறும் படக்குறி போதாது. அதன் கீழே சொல்லும் இருக்க வேண்டும். விவசாயிகளுக்கெனச் செயலி வெளியிடும் அரசுத் துறைகளுக்கும் இது பொருந்தும்.

விவசாயிகள் செய்யத்தக்கது

அதுவரை விவசாயிகளும் எச்சரிக்கையாக இருப்பது நலம். முருகன் என்று மட்டும் பதியாமல், பெயரோடு ஊரையும் பயிரையும் சேர்த்துப் பதிந்தால், திரை எப்படி மாறினாலும் தேடல் கட்டத்தில் தட்டி எடுத்துவிடலாம். வாரம் ஒருமுறை பாக்கி விவரங்களையும் முக்கிய எண்களையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். விதைப்பு, அறுவடை போன்ற நெருக்கடியான நாட்களில் செயலியைப் புதுப்பிக்காமல், வேலை குறைந்த நாளில் செய்துகொள்ளலாம்.

வாடிக்கையாளர் பட்டியல் என்பது விதை நெல்லைப் போன்றது. அதைச் சேர்த்து வைக்க ஆண்டுகள் பல ஆகின்றன. அதை வைக்கும் குதிரின் வாயை இடம் மாற்றுவோர், நெல்லுக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுவதே முறை.