அக்கா, தங்கச்சி என்று சொல்லி எடுத்த வீடு

என் தோழிகள் இருவர் மதுரையில் வாடகைக்கு வீடு தேடினார்கள். ஒருவர் தலித், மற்றவர் இடைநிலைச் சாதி ஒன்றில் பிறந்தவர். ஆறு ஆண்டுகளாக இணையராக வாழ்கிறவர்கள். வீட்டுக்காரரிடம் "அக்கா, தங்கச்சி" என்றார்கள். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான பதில் நம் ஊரில் இல்லை. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?"

உடன்பிறந்தவர்களுக்கு இரண்டு சாதி இருக்க முடியாதே. தலித் தோழி பேசாமல் நின்றார். மற்றவர் தன் சாதியைச் சொன்னார். சாவி கிடைத்தது. காதலை மறைக்கச் சொன்ன பொய்க்குள் சாதியையும் மறைக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது பொய்யின் பாரம் ஒருவர் தலையில் மட்டும் விழுந்தது.

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட உரிமை வேண்டும் என்று நம் கூட்டங்களில் பேச்செடுத்தால், "அது மேட்டுக்குடிப் பிரச்சினை தோழர்" என்று ஒருவராவது சொல்கிறார். 2023இல் உச்சநீதிமன்றத்தில் ஒன்றிய பா.ஜ.க. அரசு சொன்னதும் இதையேதான்: நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றது. மற்ற எல்லாவற்றிலும் அந்த அரசோடு முட்டி நிற்கும் நாம், இதில் மட்டும் அதன் வக்கீலாக ஏன் மாறுகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்னொரு மறுப்பு உண்டு. அதை அப்படித் தள்ளிவிட முடியாது. சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதிவிட்டார். சாதியைப் பெற்றுப் போடும் அந்த நிறுவனத்துக்குள் நுழையவா போராட வேண்டும்? 2015இல் மும்பை நாளிதழ் ஒன்றில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேடி விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை, ஆனால் அய்யர் என்றால் நல்லது என்று அதில் இருந்தது. விளையாட்டாகச் சேர்த்தது என்று பிறகு விளக்கம் வந்தது. இருக்கட்டும். விளையாட்டுக்கும் முதலில் நாக்கில் வருவது சாதிதானே. தன்பாலீர்ப்பு தானாகச் சாதியை உடைத்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை.

ஆனால் திருமணமே வேண்டாம் என்று சொல்வதற்கும், அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த மறுப்பைச் சொல்லும் தோழர்களில் பெரும்பாலோர் இணையேற்பு செய்துகொண்டவர்கள். அந்த விழாக்களின் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

திருமணத்தைப் பெரியாரைவிடக் கடுமையாக விமர்சித்தவர் யார்? அவர்தான் ஊர் ஊராகச் சுயமரியாதைத் திருமணங்களையும் நடத்திவைத்தார். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். அய்யரும் இல்லை, மந்திரமும் இல்லை. சட்டமும் இல்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்குகள் இல்லாத இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. அதுவரை ஊரறிய வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக நம் முன்னோர் திருமணம் செய்வதை நிறுத்தவில்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே நடந்த திருமணங்களும் அதன்படி செல்லும் என்றானது.

இயக்கத்தவர் அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று உண்டு. வரைவில் மாலை, மோதிரம் 'மற்றும்' தாலி என்பதுபோல் இருந்ததாம். 'மற்றும்' என்பதை 'அல்லது' என்று மாற்றச் சொன்னவர் பெரியார் என்பார்கள். அந்தச் செய்தி எப்படியிருந்தாலும், சட்டத்தில் இன்று இருப்பது 'அல்லது'தான். அந்த ஒரு சொல்லால்தான் தாலி இல்லாத திருமணமும் திருமணமாக நிற்கிறது. உற்றார், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்ட்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவரும் சாதி மறுப்பு இணையருக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டே மாதத்தில், அக்டோபர் 17 அன்று, அதே உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன்பாலின இணையருக்குத் திருமண உரிமை இல்லை என்றது. அதை நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும்தான் முடிவு செய்ய வேண்டுமாம். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி ஆயின.

இதனால் நடைமுறையில் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு 2024இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டுவேன். தன்பாலின இணையரில் ஒருவர் இறந்தால் மற்றவர் உடலைக் கேட்டுப் பெறலாம் என்கிறது அது. எப்போது என்றால், நெருங்கிய உறவினர் யாரும் கிடைக்காதபோது. இருபது ஆண்டுகள் எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து நின்றால் முடிந்தது. ஆம்புலன்ஸ் அவர் சொல்லும் ஊருக்குப் போகும், பெரும்பாலும் அவர் சாதியின் சுடுகாட்டுக்கு.

எனக்கு இதில் முதன்மையாகப் படுவது இதுதான். சாதிய சமூகத்தில் திருமண உரிமையின் இன்னொரு பெயர், பிறந்த வீட்டைவிட்டு வெளியேறும் உரிமை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டப்படி நடந்த திருமணம் அவர் உயிரைக் காக்கவில்லை. ஆனாலும் தன் பெற்றோருக்கு எதிராக நீதிமன்றம் ஏறிய கௌசல்யா, சங்கரின் மனைவியாகவே நின்றார். 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண்ணைக் குடும்பம் அடைத்து வைத்திருந்தது. காவல்துறையே அவரைப் பெற்றோரிடம் ஒப்படைத்திருந்தது. மனு போட்டவர் அவருடைய இணையர். மனுவில் தன்னை அவர் எப்படிச் சொல்லிக்கொண்டார் தெரியுமா? நெருங்கிய தோழி என்று. அந்தத் தயக்கத்தை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள். திருமணத்தால் மட்டும்தான் குடும்பம் அமையும் என்றில்லை என்று சொல்லி அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டார்கள். நல்ல தீர்ப்புதான். அடுத்த பெண்ணுக்கும் அப்படி ஓர் அமர்வு வாய்க்க வேண்டுமே.

சரி, எங்கே போய்க் கேட்பது? திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1967இல் செய்ததை நம் சட்டமன்றம் மீண்டும் செய்ய முடியும். இந்த முறையும் பிரச்சினை சொற்களில்தான். 7ஏ பிரிவில் 'மனைவி', 'கணவன்' என்று இருக்கிறது. நம் அழைப்பிதழ்களில் பல ஆண்டுகளாக என்ன அச்சடிக்கிறோம்? வாழ்க்கை இணையேற்பு விழா. இணையர் என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. திருநங்கையும் 'மணமகள்'தான் என்று 2019இல் மதுரைக் கிளை சொன்னபோது சட்டத்தில் இருந்த ஒரு சொல் அகலமானது. உலகம் இடிந்து விழவில்லை.

7ஏ பிரிவு, சட்டம் இந்து என்று கணக்கிடுபவர்களுக்கு மட்டும்தான். ஆகவே சிறப்புத் திருமணச் சட்டத்தையும் விட்டுவிட முடியாது. முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, அதைப் பதிவாளர் அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சாதிச் சங்கத்தான் வந்து பெயரைக் குறித்துக்கொண்டு போவதற்கு அரசே செய்து தரும் ஏற்பாடு அது. அதை நீக்கச் சொல்லிப் பல காலமாகப் பேசுகிறோம். தன்பாலின இணையரும் அதே சுவரைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் எழுதலாம்.

தோழிகளின் வாடகை ஒப்பந்தம் வரும் தையோடு முடிகிறது. வேறு வீடு பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் கேட்டால் இந்த முறை யாருடைய சாதியைச் சொல்வது என்பதில் இருவருக்கும் சண்டை. தன் சாதியைத்தான் சொல்ல வேண்டும் என்கிறார் போன முறை பேசாமல் நின்றவர்.